வக்கீல் இல்லாத காவியம்

கோதண்டராமன்: "பெருமக்களே! இன்று மாலை ஆறு மணிக்கு, வங்கக் கடலின் ஓரத்தில், தமிழினம் இத்தனை நூற்றாண்டுகளாகத் தெரியாமலே வாழ்ந்துவிட்ட ஓர் உண்மை வெளிவரப் போகிறது. அலைகளே, சற்று அடங்குங்கள். காற்றே, கைகட்டி நில். பேசப் போகிறவன் வழக்கறிஞன்!" ...எப்படி இருக்கு ரெஜினா?

ரெஜினா: ஃபேனை நிறுத்தட்டா சார்? காத்து கைகட்டி நிக்கல. மூணாம் பக்கம் பறந்து வாசலுக்குப் போயிடுச்சு.

கோதண்டராமன்: ஓடிப் போய் எடு. மூணாம் பக்கத்துலதான் சோழர் காலம் இருக்கு.

சந்திரம்மா: இந்தாங்க சார். படிக்கட்டுல கெடந்துச்சி. செருப்புக் கால்ல மிதிக்கப் பாத்தேன்... இதுவா சோழர் காலம்?

கோதண்டராமன்: யாரு... திருவிடந்தை சந்திரம்மாவா? வா வா. உன் கேஸ் நல்லாப் போயிட்டிருக்கு.

சந்திரம்மா: எங்க போவுது சார்?

கோதண்டராமன்: என்ன?

ரெஜினா: அக்கா, மொதல்ல உக்காருங்க. சார் சாயங்காலம் பேசப் போறாரு. வக்கீலுங்க சங்கத்து இலக்கிய அணிக் கூட்டம். "மொழியிலும் இடைக்கால இலக்கியத்திலும் வழக்கறிஞர்". காலையிலேர்ந்து நாலு தடவ பேசிப் பாத்துட்டாரு.

கோதண்டராமன்: அஞ்சு தடவ.

ரெஜினா: அஞ்சாவதுக்கு நான் டீ வாங்கப் போயிட்டேன் சார்.

சந்திரம்மா: கூட்டம் எங்க சார்?

கோதண்டராமன்: மாமல்லபுரம் பக்கம்.

சந்திரம்மா: கோயிலாண்டையா?

கோதண்டராமன்: பக்கம்னா... பக்கம். கடல் ஓரமா ஒரு மண்டபம். அதை விடு. நீ என்ன விஷயமா வந்த?

சந்திரம்மா: எம் பட்டா சார். எங்க மாமனாரு பேர்ல இருக்கற அசலு. கேசு போட்டப்போ உங்களாண்ட குடுத்தது. இன்னிக்கே வோணும். நாலு மணிக்குள்ள திருப்போரூர்ல காட்டணும்.

கோதண்டராமன்: எதுக்கு?

சந்திரம்மா: அது வந்து... ஆபீசுல கேக்கறாங்க.

கோதண்டராமன்: எந்த ஆபீசு?

ரெஜினா: தண்ணிக் குழாய் சார். வீட்டுக் கனெக்‌ஷனுக்கு. போன்ல சொன்னாங்க.

சந்திரம்மா: ஆங்... கொழாய்க்கு. கொழாய்க்குத்தான் சார்.

கோதண்டராமன்: நகல் குடுத்தாப் போதாதா?

சந்திரம்மா: அசலு இல்லாம ஆவாதுன்னுட்டாங்க.

கோதண்டராமன்: அசலை வெளிய எடுக்கறது ரிஸ்க்கும்மா. என் பீரோவுல இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கற மாதிரி.

ரெஜினா: லாக்கரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெறந்து பாக்க விடுவாங்க சார்.

கோதண்டராமன்: ரெஜினா, நீ டைப் அடி. இதோ பாரு சந்திரம்மா, முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். கட்சிக்காரன் கையில அசலு போச்சுன்னா, அடுத்த வாரம் அவன் வேற வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பான்.

சந்திரம்மா: நானு எந்த வக்கீலாண்டையும் போவ மாட்டேன் சார். சத்தியமா. இனிமே எந்த வக்கீலாண்டையும் போவ மாட்டேன்.

கோதண்டராமன்: அந்த நம்பிக்கை இருக்கட்டும். அடுத்த வாரம் வா, பாப்போம்.

சந்திரம்மா: அடுத்த வாரம் வந்து இன்னா சார் பண்றது? நாலு மணிக்கு...

ரெஜினா: சார், ஒண்ணு சொல்லட்டுமா? பேச்சு பாமர மக்களுக்குப் போய்ச் சேருதான்னு பாக்கணும், ஒரு ஆள் கெடைக்கலையேன்னு காலையில வருத்தப்பட்டீங்கல்ல? இதோ, பாமர மக்கள் தானா வந்து உக்காந்திருக்கு.

சந்திரம்மா: யாருடி பாமரம்?

ரெஜினா: அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க.

கோதண்டராமன்: ம்... நல்ல யோசனை. சரி. சந்திரம்மா, நீ கடைசிப் பக்கம் வரைக்கும் கேக்கணும். கேட்டு முடிச்சா பீரோவைத் திறக்கறேன்.

சந்திரம்மா: எத்தினி பக்கம்?

ரெஜினா: நாப்பத்திரெண்டு.

சந்திரம்மா: அய்ய! இப்பவே மணி ரெண்டு. ரெண்டே முக்காலுக்கு எனக்கு பஸ்ஸு கீது சார். அத்த வுட்டா பேஜாராப் பூடும்.

கோதண்டராமன்: சுருக்கிச் சொல்றேன். சுருக்கமாப் பேசறது எங்க தொழிலோட முதல் பாடம். ...ரெஜினா, என்ன சிரிப்பு?

ரெஜினா: இருமல் சார்.

கோதண்டராமன்: கேளு. முதல் பகுதி, மொழி. "வக்கீல்! ஆகா, இச்சொல் அரபு நாட்டில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, நவாபுகளின் குதிரைக் குளம்படியோடு நம் செங்கல்பட்டுச் சீமைக்குள் நுழைந்தது. இதன் பொருள் யாதெனில், பிறர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவன்!"

சந்திரம்மா: நம்பி ஒப்படைச்சதுன்னா... எம் பட்டாவச் சொல்றீங்களா சார்?

கோதண்டராமன்: பொதுவாச் சொல்றேன்.

சந்திரம்மா: நான் பொதுவாத்தான் கேட்டேன்.

கோதண்டராமன்: "அவன் பின்னாலேயே ஒரு சொற்படை வந்தது. தாவா, வக்காலத்து, ஜப்தி, ஜாமீன், அமீனா, முன்சீப்! அவற்றுள் மணிமகுடம், வாய்தா. இன்று இச்சொல்லைக் கேட்டால் மக்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அது பிறந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? வாக்குறுதி!"

சந்திரம்மா: வாய்தான்னா வாக்கு குடுக்கறதா?

கோதண்டராமன்: அதேதான். எவ்வளவு அழகு பாரு.

சந்திரம்மா: ரெஜினா, எனக்கு இத்தினி வருசத்துல எத்தினி வாக்கு குடுத்தாரு சாரு?

ரெஜினா: எண்பத்தி மூணு. டைரி பாத்துச் சொல்றேன் அக்கா, ஒண்ணு ரெண்டு கூட இருக்கும்.

கோதண்டராமன்: நடுவுல பேசினா வரிசை விட்டுப் போகுது. எங்க இருந்தேன்? ஆங்... "இத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்று, ஒன்றே ஒன்று, நம் மண்ணில் முளைத்த சொல். அதுதான் தீர்ப்பு!" இந்த இடத்துல கைதட்டல்.

சந்திரம்மா: உள்ளூர்க்காரின்றதால கோர்ட்டுல தீர்ப்ப யாரும் கண்டுக்கறதில்ல போல.

ரெஜினா: சார், இத்த வேணா சேத்துக்கலாமா? நல்லா இருக்கு.

கோதண்டராமன்: சேக்க வேணாம். சந்திரம்மா, ஒரு கட்சிக்காரருக்குத் தீர்ப்பு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பொறுமை. இப்ப உன் கேஸையே எடுத்துக்க. கிணத்துத் தகராறு...

சந்திரம்மா: மதிலு சார்.

கோதண்டராமன்: மதில், மதில். கிணறு திருக்கழுக்குன்றம் பார்ட்டி.

சந்திரம்மா: எட்டடிப் பாதை சார். ரோட்டுலேர்ந்து எங்கூட்டுக்குப் போற வழி. ரிசார்ட்டுக்காரங்க குறுக்கால மதிலு எழுப்பிட்டாங்க. இப்போ வூட்டுக்குப் போவணும்னா பின்னால சவுக்குத் தோப்ப சுத்திகினு போவணும். மழ பேஞ்சா மொழங்கால் தண்ணி. அத்த வுட்டா மதிலு மேல ஏணி.

கோதண்டராமன்: எல்லாம் பிராதுல எழுதியிருக்கேனே.

சந்திரம்மா: எங்கூட்டுக்காரரு செத்தப்போ பாடிய மதிலு மேல ஏத்தி எறக்குனோம் சார். இந்தாண்ட ஒரு ஏணி, அந்தாண்ட ஒரு ஏணி. நீங்ககூட ஒரு மாலை குடுத்தனுப்பிச்சீங்க. அதுவும் மதிலு மேலதான் வந்துச்சி.

கோதண்டராமன்: ராஜேந்திரன் நல்ல மனுஷன்.

சந்திரம்மா: இப்போ எம்பொண்ணு சிநேகா பிரசவத்துக்கு வந்துகிறா. எட்டு மாசம். அவள ஏணியில ஏறுன்னு சொல்லட்டுமா சார்? ஆம்புலன்சுக்கு போன் போட்டா மதிலு வரைக்கும் வருவாங்களாம். அப்பறம் நாங்களே தூக்கிகினு வரணுமாம்.

கோதண்டராமன்: அதுக்காகத்தானேம்மா கேஸ் போட்டிருக்கோம்.

சந்திரம்மா: கேசு போட்டப்போ அவ எட்டாங்கிளாசு சார்.

கோதண்டராமன்: ...இடைக்காலத்துக்கு வருவோம். இரண்டாம் பகுதி. "அரண்மனை வாசல்! அங்கே ஒரு மணி! குறையுள்ளவன் எவனாயினும் வந்து கயிற்றை இழுக்கலாம். அரசன் எழுந்து வருவான். சபை கூடும். ஓலையைக் கொண்டு வா என்பார்கள். சாட்சியைக் கூப்பிடு என்பார்கள். உண்மை தெரியவில்லையெனில் கொதிக்கும் நெய்யில் கையை விடச் சொல்வார்கள்..."

சந்திரம்மா: இப்ப மட்டும் இன்னாவாம்? ஒம்போது வருசமா வெந்துகினுதான கீறோம். சரி, வக்கீல் எங்க சார்?

கோதண்டராமன்: வரேன்.

சந்திரம்மா: மணி அடிச்சாச்சி, ராசா வந்தாச்சி, ஓலை வந்தாச்சி, சாட்சி வந்தாச்சி. வக்கீல் இன்னும் வரல?

ரெஜினா: வர மாட்டாரு அக்கா. ஒரு வாரம் தேடினோம். காவியத்துல தேடியாச்சு, கல்வெட்டுல தேடியாச்சு. பொய்ச்சாட்சி சொன்னவன் இருக்கான், கோயில் நகையத் திருடினவன் இருக்கான், ஓலையத் திருத்தினவன் இருக்கான். வக்கீல் மட்டும் இல்ல.

கோதண்டராமன்: அதை அப்படிச் சொல்லக்கூடாது ரெஜினா. இலக்கியம் மரியாதை காரணமா மௌனம் சாதிக்குதுன்னு சொல்லணும். அந்தக் காலப் புலவன் கஞ்சனைக் கிண்டல் பண்ணியிருக்கான், கணக்கனைக் கிண்டல் பண்ணியிருக்கான், பொய் வைத்தியனைக் கிழிச்சித் தொங்க விட்டிருக்கான். வக்கீலைக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டு உண்டா? ஒண்ணு? எவ்வளவு மதிச்சிருக்கான் பாரு!

ரெஜினா: ஆள் இருந்தாத்தானே சார் கிண்டல் பண்றதுக்கு.

சந்திரம்மா: இரு ரெஜினா. சார், வக்கீல் இல்லன்னா ராசாவாண்ட யாரு பேசனாங்க?

கோதண்டராமன்: அவங்கவங்களே பேசிக்கிட்டாங்க.

சந்திரம்மா: கொறை உள்ளவங்களேவா?

கோதண்டராமன்: ஆமா. பக்குவம் இல்லாத காலம். வாதி ஒரு பக்கம் நிப்பான், பிரதிவாதி ஒரு பக்கம் நிப்பான். நேருக்கு நேர் பேசிப்பாங்க.

சந்திரம்மா: எத்தினி நாள் ஆவும் தீர்ப்பு சொல்ல?

கோதண்டராமன்: அது... காவியத்துல எல்லாம் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லுவாங்க. அன்னிக்கே முடிஞ்சிடும்.

சந்திரம்மா: அன்னிக்கேவா.

ரெஜினா: அன்னிக்கேதான் அக்கா.

சந்திரம்மா: ம்.

ரெஜினா: ம்.

கோதண்டராமன்: என்ன ரெண்டு பேரும் 'ம்', 'ம்'னு? பாதிரியார் பிரசங்கம் கேக்கற மாதிரி?

ரெஜினா: ஒண்ணுமில்ல சார். எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சபைக்குள்ள எங்க ஆளுங்க போயிருக்க முடியுமா? அக்கா ஆளுங்க, எங்க ஆளுங்க?

கோதண்டராமன்: அது... அந்தக் காலத்து... சமூகச் சூழல். என் ஆராய்ச்சி எல்லைக்கு வெளியே இருக்கு.

ரெஜினா: நாங்களும் வெளியதான் இருந்திருப்போம் சார். ஒரே எடம்தான்.

சந்திரம்மா: சும்மா கெட ரெஜினா. இப்பவாவது கோர்ட்டுல பேரு சொல்லிக் கூப்புடறாங்க இல்ல? அது போதும். சார், மேல சொல்லுங்க. மணி ரெண்டு இருவது.

கோதண்டராமன்: மேலதான் விஷயமே. இந்த ஒரு வாரம், கார் நிறுத்த நிழல் கொட்டகை கேட்டு நாங்க கோர்ட்டைப் புறக்கணிச்சோமே, அந்த ஏழு நாளும் நான் தூங்கல. வாசல்ல நின்னு கோஷம் போடும்போதுகூட மனசு இடைக்காலத்துல. அப்பத்தான் பொறி தட்டிச்சு. வக்கீல் இல்லைன்னு யார் சொன்னா? வேற வேஷத்துல இருக்கான்!

சந்திரம்மா: இன்னா வேசம்?

கோதண்டராமன்: கிளி.

சந்திரம்மா: இன்னாது?

கோதண்டராமன்: கிளிம்மா! தூது இலக்கியம்னு ஒண்ணு இருக்கு. தலைவிக்கு மனசுல ஒரு குறை. தானே போய்ச் சொல்ல முடியல. கிளியைக் கூப்பிடறா. "கிளியே, நீ அழகா இருக்க, நல்லாப் பேசற, பெரிய இடத்துல பழகத் தெரிஞ்சவ. எனக்காகப் போய்ப் பேசு"ன்னு அனுப்பறா. பிறருக்காகப் பேசப் போறவன் யாரு? வக்கீல்! "பச்சை அங்கி அணிந்த முதல் வழக்கறிஞனே, உனக்கு இந்தக் கறுப்பு அங்கியின் வணக்கம்!" இங்க நான் இப்படிக் குனிஞ்சு கும்பிடுவேன்.

ரெஜினா: பாத்து சார், இடுப்பு. காலையிலயே புடிச்சிக்கிச்சு.

கோதண்டராமன்: கிளி மட்டுமில்ல. மேகம், தென்றல், அன்னம், வண்டு...

ரெஜினா: அவங்கல்லாம் ஜூனியர்.

சந்திரம்மா: சார், அந்தப் பொண்ணு கிளிய எப்டி அனுப்பிச்சா? சும்மா போன்னாளா?

கோதண்டராமன்: சும்மாவா? முதல்ல பால் சோறு, பழம். அப்பறம் கிளியோட பெருமையை நூறு வரி புகழ்வா. உன்னை மாதிரி உண்டா, உன் மூக்கு மாதிரி உண்டான்னு.

சந்திரம்மா: ஓ. போயி பேசிச்சா?

கோதண்டராமன்: பறந்து போச்சு.

சந்திரம்மா: போச்சி, சரி. போயி சேந்துச்சா? அந்த ஆளாண்ட சொல்லிச்சா? அவரு இன்னா சொன்னாராம்?

கோதண்டராமன்: அது... அதோட பாட்டு முடிஞ்சிடும்.

சந்திரம்மா: முடிஞ்சிடுமா? கிளி திரும்பி வந்து பதில் சொல்லல?

கோதண்டராமன்: வந்ததா பாட்டுல இல்ல.

சந்திரம்மா: அப்ப கரீட்டுதான் சார். அது வக்கீலேதான்.

கோதண்டராமன்: ...ரெஜினா, இந்த இருமலுக்கு நீ டாக்டரைப் பாக்கணும்.

ரெஜினா: பாக்கறேன் சார். சார், அதுக்குள்ள இதுல ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு... கீழ ஒண்ணு.

கோதண்டராமன்: என்னது இது? சரி சரி, பேனாவைக் குடு. கிளிக்கு மூக்கு சிவப்புங்கறதை எங்கயாவது சேக்கணும்.

சந்திரம்மா: படிக்காமயே போடறீங்களே சார்? எங்களுக்கு மாத்திரம், படிக்காம எதுலயும் கைநாட்டு வெச்சிடாதன்னு சொல்லுவீங்க.

கோதண்டராமன்: அது உங்களுக்கு. கையெழுத்துப் போடறவனே படிச்சிட்டா, டைப் அடிக்கறவளுக்கு என்ன மரியாதை? முப்பது வருஷமா இப்படித்தான். ஒரு தப்பு வந்ததில்ல.

ரெஜினா: அக்காவோட பட்டாக் கட்டைத் திருப்பிக் குடுத்ததா ஒரு ரசீது சார். அவ்வளவுதான்.

கோதண்டராமன்: இன்னும் குடுக்கலையே! கடைசிப் பக்கம் பாக்கி இருக்கு.

சந்திரம்மா: ரெண்டரை ஆவப் போவுது சார். கடைசிப் பக்கத்த நேரா சொல்லிடுங்க.

கோதண்டராமன்: நேராக் கடைசிப் பக்கமா? நடுவுல தோழி இருக்காளே! தலைவி பேசத் தயங்கும்போது, பக்கத்துல நின்னு அவளுக்காக எல்லா வேலையும் கமுக்கமா முடிச்சிக் குடுக்கறவ. இதோ, நம்ம ரெஜினா மாதிரின்னு வெச்சுக்கயேன்.

ரெஜினா: ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல சார்.

சந்திரம்மா: தோழி நல்ல பொண்ணு சார். அவளப் பத்தி சுருக்கமா போதும். கடைசிப் பக்கம்.

கோதண்டராமன்: சரி. எழுந்து நின்னுதான் இதைச் சொல்லணும். "முடிவாக ஒன்று! வழக்கறிஞன் இல்லாத உலகத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பேசத் தெரியாத ஏழை ஒருத்தி நீதிமன்ற வாசலில் நிற்கிறாள். உள்ளே நீதிபதி. எதிரே பணபலம் படைத்த பகைவன். அவளுக்கு நா எழுமா? கால் நடுங்காதா? யார் அவளுக்குத் துணை? நான்! நாங்கள்! நாங்கள் இல்லையேல் ஏழையின் வழக்கு அன்றே முடிந்துவிடும்!" ...எப்படி?

சந்திரம்மா: கடைசியா சொன்னீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு.

கோதண்டராமன்: பாத்தியா ரெஜினா? பாமர மக்களுக்குப் போய்ச் சேந்துடுச்சு!

ரெஜினா: நல்லாவே சேந்துடுச்சு சார். சாவி?

கோதண்டராமன்: இரு, நானே திறக்கறேன். என் பீரோவை என்னைத் தவிர யாரும்... இந்தப் பையை நகத்து.

சந்திரம்மா: சார், இந்தப் பையில சங்கு படம் போட்டுகீதே. எங்க மதிலு மேல வரைஞ்சிருக்கறதும் இதே சங்குதான்.

கோதண்டராமன்: எல்லாப் பையிலயும் சங்கு இருக்கும். கடலோர மாவட்டம். இந்தா, உன் கட்டு. கயிறு இத்துப் போச்சு, பாத்துப் பிடி.

சந்திரம்மா: எம் மாமனாரு பேரு... கீது. சீலு கீது. ஓரத்துல பூச்சி அரிச்சிகீது, பரவால்ல, பேர அரிக்கல. ரெஜினா, பாரு.

ரெஜினா: சரியா இருக்கு அக்கா. பைக்குள்ள வெச்சிக்குங்க. நல்லா உள்ள வெச்சிக்குங்க. கெளம்புங்க.

கோதண்டராமன்: குழாய் வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு வந்துடணும். அடுத்த வாய்தா எப்ப ரெஜினா?

ரெஜினா: தேதி இல்ல சார்.

கோதண்டராமன்: ஏன் இல்ல? டைரியைக் குடு.

சந்திரம்மா: கேசே இல்ல சார். போன செவ்வாக்கெழம முடிஞ்சிபோச்சி.

கோதண்டராமன்: என்ன உளர்ற? போன செவ்வாய் புறக்கணிப்பு. ஒரு வக்கீல் உள்ள போகல. நானே கோர்ட் வாசல்ல நின்னேன்.

சந்திரம்மா: பாத்தேன் சார். கொட்டகை, கொட்டகைன்னு கத்திகினு இருந்தீங்க. உங்களுக்குக் கையகூட ஆட்டிட்டுத்தான் உள்ள போனேன். நீங்க ஆதரவுக்கு வந்துகிறேன்னு நெனச்சிகினு தலைய ஆட்டுனீங்க.

கோதண்டராமன்: நீ உள்ள போனியா?

சந்திரம்மா: எம்பேரக் கூப்ட்டாங்க, போனேன். உள்ள ஒரு கறுப்புக் கோட்டு இல்ல. ஜட்ஜம்மா மாத்திரம். அந்தாண்ட ரிசார்ட்டு மேனேஜரு, அபிஷேக்குன்னு ஒரு புள்ள. அவுங்க வக்கீலும் வெளிய உங்க பக்கத்துல நின்னுதான் கத்திகினு இருந்தாரு. இன்னாம்மா உன் கொறைன்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. கால் நடுங்கிச்சி சார், அது நெசம்தான். ஆனா ஏணி கதைய சொன்னேன்.

கோதண்டராமன்: அப்பறம்?

சந்திரம்மா: அந்தப் புள்ளைக்கு ஏணி கதையே தெரியாது. வேலைக்கு வந்து நாலு மாசமாம். மதிலுக்கு அந்தாண்ட வூடு இருக்கறதயே யாரும் சொல்லலையாம். ஃபைலு வக்கீலாண்ட கீது, எதையும் தொடாதன்னு மட்டும் சொன்னாங்களாம். ஜட்ஜம்மா ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தாங்க. கையெழுத்து போடற அதிகாரம் அவராண்டதான் கீதாம். எட்டடிக்கு மதில ஒடச்சி வுட்டுடறேன், பாதைய எழுதிக் குடுத்துடறேன்னு அங்கயே ஒத்துகினாரு. எழுதி வாங்கி கேச முடிச்சிட்டாங்க. நாஸ்தா துன்ற நேரம்கூட ஆவல.

கோதண்டராமன்: செல்லாது! வக்காலத்து என்னுது. என் சம்மதம் எழுத்துல இல்லாம நீ தனியா ஆஜராக முடியாது. சட்டம் தெரியுமா?

ரெஜினா: எழுத்துல இருக்கு சார்.

கோதண்டராமன்: யார் எழுத்துல?

ரெஜினா: உங்க எழுத்துல. "வாதி தம் வழக்கைத் தாமே நடத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." அதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை போட்டீங்க. அழைப்பிதழ் மாதிரிக்கும் மூணாம் பக்கத்துக்கும் நடுவுல இருந்துச்சு.

கோதண்டராமன்: நீ வெச்சியா?

ரெஜினா: நீங்கதானே சார் அதுக்கு முன்னாடி ஒரு வாரமா சொல்லிட்டு இருந்தீங்க? அந்தக் காலத்துல அவங்கவங்களே பேசினாங்க, அன்னிக்கே முடிஞ்சிதுன்னு. டைப் அடிக்க அடிக்க எனக்கும் ஒரு ஆசை வந்துடுச்சு.

கோதண்டராமன்: துரோகம்! நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்!

ரெஜினா: சரி சார். பேச்சு நாப்பத்திரெண்டு பக்கமும் என் லேப்டாப்லதான் இருக்கு. கிளிய நான் கூட்டிட்டுப் போயிடவா?

கோதண்டராமன்: ...அதைப் பத்தி அப்பறம் பேசுவோம். அப்ப அந்தக் குழாய்?

சந்திரம்மா: கொழாயும் இல்ல ஒண்ணும் இல்ல சார். ரிஜிஸ்டர் ஆபீசு. மேனேஜரு நாலு மணிக்கு வந்து பாதைய எம்பேர்ல எழுதிக் குடுக்கறாரு. பட்டா அசலு இல்லாம பதிய மாட்டாங்க. விசயம் தெரிஞ்சா நீங்க பீரோவத் தெறக்க மாட்டீங்க. அதான் நாப்பத்திரெண்டு பக்கம் கேட்டேன்.

ரெஜினா: அக்கா, பஸ்ஸு.

கோதண்டராமன்: இரு, இரு. போகாத. நடந்தது நடந்து போச்சு. நான் பெருந்தன்மையா எடுத்துக்கறேன். யோசிச்சுப் பாத்தா... இது நல்ல விஷயம்! "இடைக்கால முறைப்படி, என் வழிகாட்டுதலின்கீழ், என் கட்சிக்காரப் பெண்மணி தாமே வாதாடி..." ரெஜினா, எழுதிக்கோ. நாப்பத்திமூணாம் பக்கம். சந்திரம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ் முடிச்சிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துடு. மேடையில உனக்கு ஒரு சால்வை.

சந்திரம்மா: எந்த மண்டபம் சார்? சங்கு படம் போட்ட ரிசார்ட்டுதான?

கோதண்டராமன்: யார் சொன்னா உனக்கு?

சந்திரம்மா: மேனேஜரு சொன்னாரு சார். மண்டபம், டிபனு, ஏசி எல்லாம் உங்க சங்கத்துக்கு சும்மா. அவுங்க வக்கீலு பேசி வெச்சாராம். கேசு உயிரோட இருக்கற வரைக்கும் ரெண்டு பக்கத்து வக்கீலையும் நல்லா கவனிச்சிக்கணும்னு.

கோதண்டராமன்: அது... இலக்கியத்துக்காக அவங்க செய்யற ஒரு...

சந்திரம்மா: கேசுதான் முடிஞ்சிபோச்சே சார். இன்னிக்கி மண்டபத்த ஒரு பொறந்தநாள் பார்ட்டிக்கு வுட்டுட்டாங்க.